நிலம் மூழ்கும் முன் கிணறு உப்பாகும்

மாலத்தீவில் மக்கள் வாழும் எந்தத் தீவிலும் வீட்டுக் கொல்லையைத் தோண்டினால் ஒரு மீட்டர், மிஞ்சிப்போனால் ஒன்றரை மீட்டரில் தண்ணீர் ஊறிவிடும். கயிறும் ராட்டினமும் வேண்டாம். நீளக் கழியின் முனையில் டப்பாவைப் பொருத்தி மொண்டெடுப்பார்கள். அதற்குத் திவேகி மொழியில் 'தானி' என்று பெயர். எந்தத் திசையில் சில நிமிடம் நடந்தாலும் கடல் வந்துவிடுகிற இடத்தில், தரைக்கு அடியில் மட்டும் நல்ல தண்ணீர். மனிதர் அங்கே ஈராயிரம் ஆண்டுகளாகக் குடியிருக்க முடிந்தது இதனால்தான். அவர்கள் இனியும் இருக்க முடியுமா என்பதையும் இந்தத் தண்ணீர்தான் முடிவு செய்யும்.

2009 அக்டோபர் 17 அன்று மாலத்தீவு அமைச்சரவை முக்குளிப்பு உடை அணிந்து கடலுக்கடியில் கூடியது. அந்தப் படம் உலகத்தைச் சுற்றிவந்த பிறகு, தாழ்ந்த தீவு என்றாலே 'மூழ்கப்போகும் நிலம்' என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. அதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. ஏறத்தாழ 1,190 தீவுகள், அவற்றில் ஊர் உள்ளவை 190-க்கும் குறைவு, எல்லாம் சேர்த்தால் 300 சதுர கிலோமீட்டர்கூட வராது. (இராசராசனின் மெய்க்கீர்த்தி 'முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்' என்று பத்து மடங்காக்கியது, அது வென்றவரின் கணக்கு.) தரையின் சராசரி உயரம் ஒன்றரை மீட்டர்தான். நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு ஒரு மீட்டருக்கும் தாழ்வாகவே கிடக்கிறது. 2006 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் வீதம் உயர்ந்ததாக ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. கணக்கிட்டிருக்கிறது, இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் உமிழ்வைப் பொறுத்து 0.28 மீட்டரிலிருந்து 1.01 மீட்டர் வரை உயரலாம் என்கிறது.

ஆனாலும் பாதிப்பு வரும் வரிசை வேறு. முதலில் கிணறு போகும், அடுத்து கரை இடம் மாறும். நிலம் நிரந்தரமாக மூழ்குவது, அப்படி நடந்தால், கடைசியில்தான். பாதுகாப்புக்கென்று செலவாகும் பணத்தில் பெரும்பகுதி இந்த வரிசையைத் தலைகீழாக வைத்துப் போடப்படுகிறது. சுவர் எழும்பிவிடுகிறது, தொட்டிக்கு வடிகட்டி வாங்கப் பணம் இருப்பதில்லை.

மணலுக்குள் மிதக்கும் மழை

பவளத்தீவில் ஆறும் ஏரியும் கிடையாது. பெய்த மழை மணலில் இறங்கி, கீழே ஊடுருவி நிற்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ என்றால் கடல்நீர் 1.025 கிலோ. இந்தச் சிறு எடை வித்தியாசம்தான் நன்னீரைத் தாங்குகிறது. நடுவில் தடித்தும் கரையை நோக்கி மெலிந்தும் ஒரு கண்ணாடி வில்லையைப் போல இருப்பதால் இதை நன்னீர் வில்லை என்கிறார்கள். கடல்மட்டத்துக்கு மேல் ஒரு பங்கு நன்னீர் நின்றால் கீழே நாற்பது பங்கு நிற்க வேண்டும் என்ற விதியை 1888-ல் படோன்-கெய்பென், 1901-ல் ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் தனித்தனியே கண்டறிந்தார்கள்.

பவளத்தீவில் இந்த நாற்பது பங்கு கிடைப்பதில்லை. பெரும்பாலான தீவுகளில் மேலே 15 முதல் 25 மீட்டர் வரைதான் புது மணலும் பவளத்துகளும். அதற்குக் கீழே பொந்தும் புழையுமாக இருக்கும் பழைய சுண்ணாம்புப் பாறையில் ஓதம் ஏறி இறங்கி நீரைக் கலக்கிக்கொண்டே இருக்கும். வில்லை எவ்வளவு தடித்தாலும் அந்தப் பாறையோடு நின்றுவிடும். தீவின் அகலம் இன்னொரு வரம்பு. 200, 250 மீட்டர் அகலம்கூட இல்லாத தீவில் நிலையான வில்லை உருவாவதே அரிது. அதனால் கரை அரித்து அகலம் குறையும்போது போவது அந்த மணல் மட்டுமல்ல, ஊர் நடுவில் இருக்கும் கிணற்றின் நீரும்தான்.

நீரில் எவ்வளவு உப்பு என்று அறிய ஆய்வகம் தேவையில்லை. உப்பு கூடினால் நீர் மின்சாரத்தைக் கடத்தும் திறனும் கூடும். மின்கடத்துதிறன் அளக்கும் பேனா அளவுக் கருவியே போதும். கடல்நீரில் அது சுமார் 50,000 மைக்ரோசீமென்ஸ் காட்டும். பசிபிக் தீவுகளில் குடிக்கத் தகுந்த நீரின் மேல் எல்லையாக 2,500-ஐ வைத்துக்கொள்கிறார்கள். கணக்குப் போட்டால், நூறு குடத்தில் ஐந்து குடம் கடல்நீர் கலந்தாலே அந்த எல்லை தாண்டிவிடும். வில்லை எவ்வளவு நொய்மையானது என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

வில்லையைக் கெடுக்க ஊரே போதும், கடல் வர வேண்டியதில்லை. கழியும் டப்பாவுமாக மொண்டபோது மேல்மட்ட நீர் மட்டும் வந்தது. மின்மோட்டார் வந்ததும் குழாயை ஆழத்தில் இறக்கி அரைமணி நேரத்தில் தொட்டியை நிரப்பத் தொடங்கினார்கள். நன்னீரின் மேல்மட்டம் சற்றே இறங்கினாலும் அடியிலிருக்கும் உப்புநீர் அதைப்போலப் பல மடங்கு மேலேறி, குழாயின் வாய்க்கு நேரே கூம்பாக எழும்பும். தீர்வு எளியது. உறிஞ்சுகுழாயின் வாய் நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு சாணுக்கு மேல் போகக் கூடாது. சிறிய மோட்டாராக வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, நெடுநேரம் இறைக்க வேண்டும். ஊருக்கே நீர் எடுப்பதானால் செங்குத்துக் கிணற்றைக் கைவிட்டு, நீர்மட்டத்தை ஒட்டிக் கிடைமட்டமாகத் துளைக்குழாய்களைப் புதைத்து நடுவில் ஒரே குழியிலிருந்து எடுக்கலாம். கிரிபாட்டி நாட்டின் தெற்குத் தராவா தன் குடிநீரை போன்ரிக்கி வில்லையிலிருந்து இப்படித்தான் எடுக்கிறது.

கழிவுநீரில் இன்னும் சிக்கலான முடிச்சு ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வீடு மலக்குழி இருந்தால் அது சில மீட்டர் தள்ளி இருக்கும் கிணற்றில் கலக்கும். 1978-ல் மாலத்தீவில் காலரா பரவி இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். சரியென்று பாதாளச் சாக்கடை போட்டுக் கழிவைக் கடலுக்குள் விட்டால் நோய் குறையும். ஆனால் கிணற்றிலிருந்து எடுத்த நீர் அதன் பிறகு மண்ணுக்குத் திரும்பாது, ஒவ்வொரு முறை கழிப்பறையில் ஊற்றும்போதும் வில்லையின் ஒரு வாளி கடலுக்குப் போய்விடும். தலைநகர் மாலேயில் நெரிசலும் இறைப்பும் இதுவும் சேர்ந்து வில்லையைத் தீர்த்துவிட்டன. 1988 முதல் அந்நகரம் கடல்நீரைச் சுத்திகரித்துக் குடிக்கிறது.

கடல் ஊருக்குள் வரும்போது

மாலத்தீவு நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் பெரும் புயல்கள் அங்கே அதிகம் கரை தொடுவதில்லை. தெற்குப் பகுதிகளுக்கு இது மேலும் பொருந்தும். அடிக்கடி வருவது வேறொன்று. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில், பல ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் அடித்த புயலின் அலைகள் சில நாள் பயணம் செய்து, காற்றும் மழையும் இல்லாத வெயில் நாளில் ஊருக்குள் ஏறும். திவேகியில் இதை 'உதா' என்கிறார்கள். கேரளக் கரையிலும் கன்னியாகுமரியிலும் கள்ளக்கடல் என்பது இதுவே. இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் இந்தக் கரைகளுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. ஆழ்கடலில் இந்த அலை பெரிதாகத் தெரியாது. அலைக்கும் அலைக்கும் இடையே பதினைந்து, இருபது விநாடி இருப்பதால் ஒவ்வொரு அலையும் ஏராளமான நீரைச் சுமந்து வருகிறது. பவளப்பாறையின் விளிம்பில் உடைந்த நீர் திரும்பிப் போவதற்குள் அடுத்தது வந்து மேலே குவிய, கரையருகே கடல்மட்டமே உயர்ந்துவிடும். அமாவாசை, பௌர்ணமி ஓதமும் சேர்ந்துகொண்டால் நீர் தெருவுக்கு வரும். 1987 ஏப்ரலில் மாலேயும் 2007 மே மாதத்தில் தென் தீவுகளும் இப்படித்தான் நனைந்தன.

2004 டிசம்பர் 26 சுனாமி சுமத்ராவிலிருந்து மாலத்தீவை எட்ட மூன்று மணி நேரத்துக்கு மேலானது. அத்தனை நேரம் இருந்தும் எச்சரிக்கை இல்லை. 82 பேர் இறந்தார்கள், 26 பேரைக் காணவில்லை. நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் 62 சதவீதத்துக்கு ஈடான சேதம். நாகப்பட்டினத்தோடு ஒப்பிட்டால் உயிரிழப்பு சிறிது. காரணம் கடலின் அடித்தளம். நாகையில் அலை ஆழமற்ற சரிவில் குவிந்து உயர்ந்தது. பவளத்தீவுகளோ ஆழ்கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்பவை. அதனால் அங்கே அலை சுவராக எழாமல் ஏறிய ஓதம்போலத் தீவின் மேல் வழிந்தோடியது. வழிந்தோடிய அந்த நீர்தான் வில்லைக்கு எமன், ஏனெனில் உப்புநீர் இம்முறை மேலிருந்து இறங்குகிறது.

கெட்ட வில்லை எப்போது தேறும்? 2005-ல் பெர்சி புயல் குக் தீவுகளின் புகாபுகாவை நனைத்தபின் தொடர்ந்து அளந்திருக்கிறார்கள். மேல்மட்ட நீர் மறுபடி குடிக்கத் தகுந்ததாக 11 மாதம் ஆனது. ஆழத்தில் தங்கிய உப்புப் படலம் 26 மாதம் வரை கலையவில்லை. வெள்ளம் பத்தாண்டுக்கு ஒருமுறை வந்தால் இந்த ஓராண்டைச் சமாளித்துவிடலாம். ஆண்டுதோறும் வந்தால் தேறுவதற்கு அவகாசமே இல்லை. மார்ஷல் தீவுகளின் ரோய்-நமூரில் செய்து 2018-ல் வெளியான ஆய்வு இந்தக் கணக்கைத்தான் போட்டது: பெரும்பாலான பவளத்தீவுகள் இந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள், நிலம் மூழ்குவதற்கு வெகு முன்பே, குடிநீர் இழந்து வாழத் தகாதவை ஆகலாம்.

வெள்ளம் வடிந்த மறுநாள் எல்லோருக்கும் தோன்றுவது கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்வது. சுனாமிக்குப் பின் இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பு உள்ளிட்ட இடங்களில், தொண்டர் குழுக்கள் மோட்டார்களோடு வந்து கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தன. பல கிணறுகளில் உப்பு குறைவதற்குப் பதில் கூடியது. மணல் நிலத்தில் கிணற்றை வற்றடித்தால் சுற்றிலும் தேங்கிய கடல்நீரும் அடியிலிருக்கும் உப்புநீரும்தான் வந்து நிரப்பும். பின்னாளில் எழுந்த அறிவுரை வேறு: சேற்றையும் குப்பையையும் வாளியால் எடு, கிருமிக்கு மருந்து போடு, அத்தோடு நிறுத்து, மீதியை மழை பார்த்துக்கொள்ளும். ஒன்று மட்டும் உடனே செய்யத் தகும். பள்ளங்களில் தேங்கி நிற்கும் கடல்நீரை அது மண்ணுக்குள் இறங்குவதற்கு முன் முதல் சில மணி நேரத்தில் வெட்டிக் கடலுக்கு வடித்துவிடலாம். மண்வெட்டியோடு பத்துப் பேர் போதும்.

கூரை, குழாய், சின்டெக்ஸ்

ஆக, வில்லை தேறும்வரை குடிக்க வேறு நீர் வேண்டும். மிக மலிவானது கூரையில் விழுவது. மாலத்தீவில் ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டரை ஒட்டி. 50 சதுர மீட்டர் தகரக் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 50 லிட்டர். தெறிப்பும் வழிவும் போக எண்பது சதவீதம் பிடித்தாலும் ஆண்டுக்கு 80,000 லிட்டர். ஆறு பேர் உள்ள குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஐந்து லிட்டர் என்று வைத்தால் ஆண்டுக்கு 11,000 லிட்டர்தான். மழைக்குக் குறைவில்லை. குறைவு தொட்டியில்தான்.

சுனாமிக்குப் பின் வீடுகளுக்குப் பரவலாகக் கொடுக்கப்பட்டவை 2,500 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிகள். ஜனவரி முதல் தேதி அது நிறைந்திருந்து, அதன்பின் மழையே இல்லை என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 30 லிட்டர் வீதம் 83 நாள், மார்ச் 24 வரை வரும். ஆனால் குழாய் அடிமட்டத்திலிருந்து பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் மேலே இருக்கும். வண்டல் வராதிருக்க அப்படித்தான் இருக்கவும் வேண்டும். அதற்கடியில் 200 லிட்டர் போல எடுக்க முடியாமல் கிடக்கும். அப்போது கணக்கு மார்ச் நடுவிலேயே முடிந்துவிடுகிறது. நமக்கு மழை தரும் வடகிழக்குப் பருவம் மாலத்தீவில் வறண்ட காலம்; அந்த வறண்ட மாதங்கள் ஏப்ரல் வரை இழுத்தால் கடைசி சில வாரங்களுக்கு மாலேயிலிருந்து படகில் தண்ணீர் அனுப்ப வேண்டும். பல தீவுகளுக்கு ஆண்டுதோறும் நடந்தது இதுவே. இன்னும் ஒரே ஒரு தொட்டி கூடுதலாக இருந்தால் அந்தப் படகு தேவையில்லை. வீட்டில் இடமில்லையென்றால் பள்ளி, பள்ளிவாசல், துறைமுகக் கொட்டகை ஆகியவற்றின் பெரிய கூரைகளிலிருந்து பிடித்துப் பொதுத்தொட்டியில் சேர்க்கலாம்.

தொட்டி கெடுவதற்கு அதன் துணைப் பாகங்கள்தான் பெரும்பாலும் காரணம். வறட்சிக்குப் பின் வரும் முதல் மழை கூரையின் தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவி வரும். அதைத் தொட்டிக்குள் விடாமல் ஒதுக்க வேண்டும். கூரையின் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் என்பது நல்ல அளவு. 50 சதுர மீட்டருக்கு 50 லிட்டர். இதற்கென ஒரு மீட்டர் நீளத்தில் 110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயைத் தொங்கவிட்டுவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடுகிறார்கள். அதில் கொள்வது ஒன்பது லிட்டர்கூட இல்லை. 160 மில்லிமீட்டர் குழாயானால் இரண்டே முக்கால் மீட்டர் வேண்டும், அல்லது ஒரு சிறு டிரம். ஒதுக்கிய நீர் தானாகச் சொட்டி வடிய அடியில் விட்டிருக்கும் சிறு துளை இலைத்தூளால் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் அடுத்த மழையில் அழுக்கெல்லாம் நேரே தொட்டிக்குத்தான். திருகிக் கழற்றும் மூடி இல்லாமல் பசை போட்டு ஒட்டிய குழாயை யாரும் திறந்து துடைக்கப் போவதில்லை.

வெள்ளத்தில் காலித் தொட்டி மிதக்கும். இது பலருக்கு முன்கூட்டி உறைப்பதில்லை. 1.4 மீட்டர் விட்டமுள்ள தொட்டியைச் சுற்றி 30 சென்டிமீட்டர் நீர் நின்றால் அதைத் தூக்கும் விசை 450 கிலோவுக்கு மேல். காலித் தொட்டியின் எடை ஐம்பது, அறுபது கிலோ. அது குழாயைப் பிய்த்துக்கொண்டு போய் அண்டை வீட்டுச் சுவரில் முட்டும். அரை மீட்டர் கான்கிரீட் மேடை, மேடையில் பதித்த கொக்கிகள், துருப்பிடிக்காத பட்டை, இவை வேண்டும். எச்சரிக்கை வந்தால் தொட்டியில் குறைந்தது கால்வாசி நீராவது இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். சாதாரண இரும்புக் கம்பியால் கட்டினால் உப்புக்காற்றில் இரண்டே ஆண்டில் பொடிந்துவிடும்.

கிருமிநாசினி அளவும் சொல்லிவிடலாம். முப்பது சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் நிறைந்த 2,500 லிட்டர் தொட்டிக்கு 8 கிராம், லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் கணக்கு. கலங்கலாகவோ சந்தேகமாகவோ இருந்தால் அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. முதலில் ஒரு வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிவை மட்டும் ஊற்றி அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். தீவின் ஈரக்காற்றில் திறந்து வைத்த பவுடரின் வீரியம் சில மாதங்களில் போய்விடும். பேரிடர்க் கிடங்கில் மூன்றாண்டாகக் கிடக்கும் மூட்டை பெரும்பாலும் வெறும் சுண்ணாம்புதான்.

ஆலை நின்ற நாள்

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆர்.ஓ. ஆலைதான் முழுத் தீர்வு என்று நினைப்பவர்களுக்கு 2014 டிசம்பர் 4 ஒரு பாடம். மாலேயின் ஆலையில் தீப்பிடித்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் குழாய்நீர் நின்றது. கிணறு ஏற்கெனவே இல்லை, வீட்டுக்கூரைகள் அடுக்குமாடிகளாக மாறியிருந்தன. இந்தியா விமானங்களில் தண்ணீர் அனுப்பியது. கடலிலேயே நீரைச் சுத்திகரிக்கும் வசதியுள்ள ஐ.என்.எஸ். சுகன்யாவும் போய் நின்றது. மழையும் இல்லை, புயலும் இல்லை. ஒரே ஒரு ஆதாரத்தை நம்பியிருந்ததுதான் பேரிடர்.

ஆயிரம் லிட்டருக்கு நல்ல ஆலையில் மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் செலவாகும், சிறிய ஆலையில் இன்னும் அதிகம். ஜெனரேட்டரில் ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்றரை யூனிட் கிடைத்தாலே நல்லது. அப்படியானால் தீவில் குடிநீர் என்பது கப்பலில் வரும் டீசலின் இன்னொரு வடிவம். கடல் கொந்தளித்துக் கப்பல் வராத வாரத்திலேயே கடல்நீரும் கலங்கி, ஆலையில் உப்பை வடிகட்டும் சவ்வு அடைத்துக்கொள்ளும். உறிஞ்சுகுழாயைத் திறந்த கடலில் போடாமல் கரையோரம் ஆழ்துளையில் இறக்கினால் மணலே முதல் வடிகட்டியாகும். உதிரிபாகங்கள் ஒவ்வொரு தீவிலும் இரண்டு தொகுப்பு இருக்க வேண்டும்.

இலட்சத்தீவில் வேறு வழி முயன்றிருக்கிறார்கள். சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2005-ல் கவரத்தியில் நிறுவிய ஆலை சவ்வே இல்லாதது. மேற்பரப்பின் சுமார் 28 டிகிரி நீர் வெற்றிடக் கலத்தில் ஆவியாகிறது. 350 மீட்டருக்குக் கீழிருந்து குழாயில் எடுக்கும் குளிர்நீர் அந்த ஆவியை நீராக்குகிறது. நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர். ஆழ்கடல் கரைக்கு மிக அருகில் இருப்பதால்தான் இது சாத்தியம், பவளத்தீவின் செங்குத்தான விளிம்பு இங்கே வரமாகிறது. ஆழத்துக்கு இறங்கும் அந்த நீண்ட குழாய்தான் இதன் உயிர்நிலை, அலைக்கு முதலில் ஆட்படுவதும் அதுவே.

மாலத்தீவின் வெளித்தீவுகளில் பசுமைக் காலநிலை நிதியம் 2015-ல் ஒப்புதல் தந்த திட்டம் 49 தீவுகளில் 1,05,000 பேரைக் கணக்கில் கொண்டது. மழைத்தொட்டி, சிறு ஆர்.ஓ., நிலத்தடி நீர் மூன்றையும் ஒரே வலையாக இணைப்பது அதன் சாரம். மழைக்காலத்தில் மழைநீர், வறட்சியில் ஆலை, கழுவவும் துவைக்கவும் கிணறு. பணம் போட்ட திட்டங்களில் சரியான திசையில் போனது இது என்று தயங்காமல் சொல்லலாம்.

மணலைப் பிடித்துவைக்க முடியாது

வில்லை மணலுக்குள் இருக்கிறது, மணலோ நிற்பதில்லை. தென்மேற்குப் பருவத்தில் தீவின் கிழக்கு நோக்கிச் சேரும் மணல் வடகிழக்குப் பருவத்தில் திரும்பி வரும். கரை ஆண்டுக்கு இருமுறை இடம் மாறுவது அங்கே நோய் அல்ல. அந்த மணலும் மலைப்பாறையிலிருந்து உடைந்து வருவதல்ல, உயிர்கள் செய்வது. மாலத்தீவின் வக்காருவில் அளந்தபோது புதிதாக உண்டாகும் மணலில் 85 சதவீதத்துக்கு மேல் கிளிமீன் பவளத்தைக் கொறித்துக் கழித்தது என்று தெரிந்தது. பவளத்தீவைக் காப்பாற்ற நினைப்பவர் கிளிமீன் வலையில் கண் வைத்தாக வேண்டும்.

பவளப்பாறை அலையின் ஆற்றலில் சராசரியாக 97 சதவீதத்தை உறிஞ்சிவிடுகிறது என்று 2014-ல் பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டார்கள். எந்தச் சுவரும் இதற்கு ஈடில்லை. ஆனால் 1998, 2016, 2024 ஆண்டுகளின் வெப்பத்தில் பவளம் வெளுத்தது; 1998-ல் ஆழமற்ற பகுதிகளில் பெரும்பகுதி மடிந்தது. அதற்கு முன்பே வீடு கட்டப் பவளக்கல்லை வெட்டியெடுத்ததால் பல பாறைகள் மொட்டையாகியிருந்தன. இப்போது ஆற்றுமணலும் ஜல்லியும் இந்தியாவிலிருந்து, தூத்துக்குடி வழியாகவும், போகின்றன. 2024-25-க்கு இந்தியா அனுமதித்த அளவு இரண்டிலும் தலா பத்து லட்சம் டன். ஒரு தீவின் பாறையைக் காக்க நம் ஆறு கொடுக்கும் விலை இது. அந்தக் கணக்கை யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

ஊருக்குத் துறைமுகம் வெட்டும்போது கதை தொடங்குகிறது. பாறைத்திட்டைத் தோண்டிய குழியில் பருவ மணல் விழுந்து சிறைப்படும். மறுபக்கக் கரைக்கு மணல் திரும்பாது, அங்கே அரிப்பு. அரிப்பைத் தடுக்கச் சுவர், அல்லது நம் கரையில் தூண்டில் வளைவு என்கிறோமே, கரையிலிருந்து கடலுக்குள் நீளும் அந்தக் கல்வரிசை. அதன் முனைக்கு அப்பால் புதிதாக அரிப்பு, அதற்கு இன்னொரு சுவர். நம் மீனவ ஊர்களில் ஒரு வளைவு போட்டதும் பக்கத்து ஊர் வளைவு கேட்பது இதே காரணத்தால்தான். சுவர் சரிவதும் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான். அலை அதன் பாதத்தில் மணலைத் தோண்டும், பின்புறம் வடிகட்டித் துணி வைக்காத இடுக்குகள் வழியே உள்மணல் உறிஞ்சப்படும், நடைபாதை உள்வாங்கும், பிறகு ஒரு பௌர்ணமி இரவில் சுவர் விழும். சுவரைத் தாண்டி வந்த நீர் வெளியேற வழியில்லாமல் ஊருக்குள் தேங்கி, வில்லைக்குள் இறங்கும். கடல் பக்கம் மட்டும் திறக்கும் கதவுள்ள வடிகுழாய் வைக்காத சுவர் தண்ணீரை உள்ளே அடைக்கும் தொட்டிதான்.

1987 வெள்ளத்துக்குப் பின் ஜப்பானிய நிதியில் மாலேயைச் சுற்றி டெட்ராபாட் எனப்படும் நாலுகால் கான்கிரீட் கட்டைகளும் கடற்சுவரும் எழுந்தன. அவை தலைநகரைக் காத்தன, 2004-லும் சேதத்தைக் குறைத்தன. ஆனால் 1987 சேதம் அதிகமானதற்கு ஒரு காரணம், அதற்குச் சற்று முன் பாறைத்திட்டை மண்ணிட்டு நிரப்பி ஊரை விளிம்புவரை நீட்டியது. அலை உடைந்து தளர வேண்டிய மேடை இல்லாமல் போயிற்று. இரண்டு சதுர கிலோமீட்டருக்குள் ஒரு தலைநகரம் என்றால் அந்தச் செலவு தகும். ஐந்நூறு பேர் உள்ள தீவுக்குத் தகாது. அங்கே பூவரசு, தாழை, உப்புத் தாங்கும் கரைப்புதர்கள் சேர்ந்த இருபது மீட்டர் பட்டையை வெட்டாமல் விட்டாலே அலைநீரின் வேகம் தணியும், பறக்கும் மணல் தங்கிக் கரைமேடு உயரும். தென்னை மட்டும் போதாது. அதன் வேர் அரிப்பில் முதலில் வெளிப்படும்.

சுவர் இல்லாத தீவில் பெரிய அலை மணலை மேலே கொண்டுவந்து போடவும் செய்கிறது. 2004 சுனாமி சில தீவுகளின் விளிம்பில் மணல் பரப்பி விட்டுப்போனது. துவாலு நாட்டின் 101 தீவுகளை அளந்தபோது 1971-2014 காலத்தில், கடல்மட்டம் உயர்ந்துகொண்டிருந்தபோதே, மொத்த நிலப்பரப்பு 2.9 சதவீதம் கூடியிருந்தது. இதைக் காட்டிக் கவலை வேண்டாம் என்போர் உண்டு. நிலம் இருக்கிறது என்பது உண்மை. வீடு கட்டிய இடத்திலேயே இருக்கிறது என்பதற்கும், அதன் அடியில் நல்ல நீர் இருக்கிறது என்பதற்கும் அது சான்றல்ல. அதே துவாலு 2011 செப்டம்பரில் வறட்சியால் நெருக்கடி நிலை அறிவித்தது.

உயரத்துக்குப் போவது

ஒன்றரை மீட்டர் உயரத் தீவில் ஓடித் தப்ப இடமில்லை, ஏறத்தான் வேண்டும். பள்ளியின் மாடியோ பள்ளிவாசலின் மேல்தளமோதான் புகலிடம். ஆளுக்கு அரை சதுர மீட்டர் என்றால் 800 பேருக்கு 400 சதுர மீட்டர் தளம் தேவை. படிக்கட்டு வெளிப்புறமாகவும் முதியவரைத் தூக்கிச் செல்லும் அகலத்திலும் இருக்க வேண்டும். ஒத்திகைகளில் அடிக்கடி வெளிப்படும் குறை சாவி. இரவில் பூட்டிய மாடி புகலிடம் ஆகாது. மின்நிலையத்தின் டீசல் பீப்பாய்கள் மிதந்து கொட்டினால் உப்பு போனபின்னும் கிணறு தேறாது. அவற்றை மேடையில் ஏற்றி, பெரிய தொட்டியின் கொள்ளளவைவிடப் பத்து சதவீதம் கூடுதலாகக் கொள்ளும் சுற்றுச்சுவருக்குள் வைக்க வேண்டும்.

ஊரையே உயர்த்துவது கடைசி வழி. சுனாமியில் அழிந்த ரா பவளத்தீவுக் கூட்டத்தின் கந்தொலுதூ மக்கள் ஏறத்தாழ 4,000 பேர், நான்காண்டு தற்காலிக முகாம்களுக்குப் பின், செஞ்சிலுவைச் சங்கம் 600 வீடுகள் கட்டிய துவாஃபரு தீவுக்கு 2008 டிசம்பரில் குடிபோனார்கள். விலுஃபுஷி தீவை 16 ஹெக்டேரிலிருந்து 61 ஹெக்டேராகப் பெருக்கி, உயர்த்தி, அதன் மக்களை 2009-ல் திரும்ப அழைத்தார்கள். மாலேயை அடுத்த ஹுல்ஹுமாலே சுமார் இரண்டு மீட்டர் உயரத்தில் கடலிலிருந்து எழுப்பப்பட்டது. துவாலுவின் ஃபுனாஃபுட்டியில் 2023-ல் 780 மீட்டர் நீளமும் 100 மீட்டர் அகலமுமாகப் புது நிலம் தயாரானது.

புது நிலத்தை ஊரின் விளிம்பில் உயர்த்திப் போட்டால் பழைய ஊர் கிண்ணத்தின் அடியாகிவிடும்; கடலுக்கு ஓட வேண்டிய மழைநீர் பழைய வீடுகளின் வாசலுக்கு வரும். தார்ச்சாலை வாசற்படியைவிட உயர்ந்துபோன ஊர்களில் நமக்கும் இது பழக்கம். நடுவில் ஒரு பள்ளம் விட்டு, கடலுக்குக் கால்வாய் வெட்டித்தான் திட்டத்தைத் தொடங்க வேண்டும், முடிந்தபின் அல்ல. வண்டிகளும் எந்திரங்களும் அழுத்தி இறுக்கிய மண்ணில் நீர் இறங்காது என்பது இன்னொன்று.

அதோடு, கடலடியிலிருந்து வாரிக்கொட்டிய மணல் முழுக்க உப்பு. அதில் தோண்டும் கிணறு முதல் சில பருவமழைகள் வரை கடல்நீராகவே இருக்கும். நிழலுக்கு நட்ட கன்றும் அதுவரை கருகும். வில்லை உருவாக வேண்டுமானால் தெருவெல்லாம் கான்கிரீட் போடாமல் மழை இறங்க இடம் விட வேண்டும், மோட்டார் வைக்கக் கூடாது, மலக்குழி தோண்டக் கூடாது. குடிவருகிற குடும்பத்துக்கு முதல் நாளே தண்ணீர் வேண்டும். எனவே வீட்டின் அடித்தளம் போடும்போதே கூரையின் சாய்வு, வாய்க்கால் தகடு, முதல்மழை ஒதுக்கும் குழாய், இரண்டாவது தொட்டிக்கான மேடை நான்கும் வரைபடத்தில் இருந்தாக வேண்டும்.